ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவோடு லேனியர் ஏரிக்கரையில்: ஆர்.வி. பயணம், வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, அம்பாசமுத்திரத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் ஐந்து வயதும். செப்டம்பரில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு ஆர்.வி. (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து ஏதாவது அணைக்கட்டு ஏரிக்கரையில் தங்க ஆசை. நார்த் கரோலினாவில் ஃபொன்டானா ஏரி நன்றாக இருக்கும் என்கிறார்கள். மினிவேனுக்கு மேல் பெரிய வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. போகலாமா? என்ன வண்டி எடுக்கலாம்?
— வாசகர், ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

பதில்: ஃபொன்டானா அழகுதான், சந்தேகமே இல்லை. அணை மட்டும் 480 அடி உயரம். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அதைவிட உயரமான அணை கிடையாது. ஆனால் அங்கே போய்ச் சேரும் மலைச்சாலைகளில் வளைவுக்கு மேல் வளைவு. முதல் தடவையாக 25 அடி நீள வண்டியைப் பிடிக்கப் போகிறீர்கள், பின்னால் முழங்கால் வலியோடு அப்பா, பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளை. இந்தத் தடவை வேண்டாம். உங்கள் வீட்டுக்கு மிகப் பக்கத்திலேயே லேனியர் ஏரி இருக்கிறது, அங்கே போங்கள்.

ஆர்.வி. என்றாலே நாளுக்கு ஓர் ஊர் என்று ஓட வேண்டும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் எப்படியோ வந்துவிட்டது. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது வெள்ளிக்கிழமை மாலை வண்டியை நிறுத்தினால் ஞாயிற்றுக்கிழமை காலைதான் மறுபடி சாவியைத் தொட வேண்டும். அப்பாவுக்கு வேண்டியது ஒரு நாற்காலி, கொஞ்சம் நிழல், எதிரே தண்ணீர், பக்கத்தில் பேரப்பிள்ளைகள். அதை மனத்தில் வைத்துத்தான் வண்டியையும் இடத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் இடம். லேனியர் ஏரியைப் பராமரிப்பது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை. அவர்களுடைய முகாம்களான பால்ட் ரிட்ஜ் கிரீக், சானி, ஓல்ட் ஃபெடரல், டக்கெட் மில், போல்டிங் மில் எல்லாம் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் பதிவாகும். ஆறு மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். தண்ணீரை ஒட்டிய சைட்டுகள் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடங்கள்) தான் முதலில் தீர்ந்துபோகும். எல்லா முகாம்களும் எல்லா வருடமும் திறந்திருப்பதில்லை என்பதால், திறந்திருக்கும் தேதிகளைப் பார்த்துவிட்டு மற்ற ஏற்பாடுகளைத் தொடங்குங்கள். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே விடுமுறையை விட்டுவிட்டு அதற்கு அடுத்த வாரங்களைப் பாருங்கள். கூட்டமும் வெயிலும் இரண்டுமே குறையும்.

சைட் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் படத்தில் தண்ணீர் எவ்வளவு பக்கம் என்றுதான் பார்க்கிறார்கள். நீங்கள் அதோடு மூன்று விஷயம் பாருங்கள். வண்டி நிற்கும் தளத்தின் நீளம் உங்கள் வண்டிக்குப் போதுமா? தரை சமமா, சரிவா? குளியலறைக் கட்டடம் எவ்வளவு தூரம்? லேனியர் ஏரிக்கரை என்பது உண்மையில் மலைச்சரிவு. பள்ளத்தாக்கில் தண்ணீரைத் தேக்கியதால் மேட்டுப் பகுதி கரையாக மிஞ்சியது. அதனால் ‘தண்ணீரை ஒட்டிய சைட்’ என்று போட்டிருந்தாலும் தண்ணீருக்கு இறங்க செங்குத்தான படிகள் இருக்கலாம். உங்கள் அப்பாவுக்கு அது ஆகாது. தண்ணீரிலிருந்து கொஞ்சம் தள்ளி, சமமான தரையில், ஏரி கண்ணில் படுகிற சைட்டாக எடுத்தால் போதும். முடிந்தால் ஒரு வார நாளில் காரில் போய் முகாம் அலுவலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். இவ்வளவு பக்கத்து ஏரியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிற பெரிய வசதியே அதுதான்.

அடுத்து வண்டி. ஆறு பேர் படுக்க, நீங்களே ஓட்டிப்போகிற மாதிரி வேண்டுமென்றால் கிளாஸ் சி எனப்படும் வகை சரியாக இருக்கும். டிரைவர் சீட்டுக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும். அதில் பெரிய பையனை ஏற்றிவிடுங்கள். பின்பக்கக் கட்டில் அப்பா அம்மாவுக்கு. நீங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையைப் படுக்கையாக மாற்றிக்கொள்ளலாம், சோஃபாவில் சின்னவர். இந்த வண்டிக்கு சாதாரண டிரைவிங் லைசென்ஸ் போதும். உயரம் 11, 12 அடி வரும். எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பெட்ரோல் பங்க் கூரை, வங்கி டிரைவ்-த்ரூ, மரக்கிளை எல்லாவற்றிலும் அந்த எண்தான் காப்பாற்றும். பின்சக்கரத்துக்குப் பின்னால் உடல் நீண்டிருப்பதால், இடப்பக்கம் திருப்பினால் வண்டியின் வால் வலப்பக்கம் வெளியே வீசும். காலியான பள்ளிக்கூட பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் திருப்பிப் பழகுங்கள். சின்னவரின் கார் சீட்டை முன்னோக்கிய இருக்கையில், முறையான பெல்ட் உள்ள இடத்தில் மட்டும் கட்டுங்கள். பக்கவாட்டு சோஃபாவில் கூடவே கூடாது. ஓடுகிற வண்டியில் யாரும் எழுந்து நடக்கவும் வேண்டாம், டீ போடவும் வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, உங்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். தனிநபர்கள் தங்கள் டிரெய்லரை (வேறு வண்டியால் இழுத்துப் போகிற வீட்டு வண்டி) வாடகைக்கு விடும் இணையதளங்களில், அவர்களே கொண்டுவந்து சைட்டில் நிறுத்தி, மின்சாரம், தண்ணீர் எல்லாம் இணைத்துக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவதும் உண்டு. நீங்கள் மினிவேனில் போய் இறங்கினால் போதும். நடுராத்திரி அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் கையோடு ஒரு கார் இருக்கும். எல்லா முகாம்களும் இப்படி வெளியாள் கொண்டுவந்து நிறுத்துவதை அனுமதிப்பதில்லை என்பதால், பணம் கட்டுமுன் முகாமுக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

எந்த வண்டியானாலும் வாசற்படி குறுகலாகவும் உயரமாகவும்தான் இருக்கும். கைப்பிடி உள்ள அகலமான ஸ்டூல் ஒன்று வாங்கிக் கீழே போடுங்கள். அப்பா ஏறும்போது வலி குறைவான காலை முதலில் வைக்கட்டும், இறங்கும்போது வலி அதிகமான காலை முதலில் வைக்கட்டும்.

அப்புறம் உங்கள் அப்பாவைப் பற்றி ஒன்று. பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று பேப்பரில் நீர்மட்டம் பார்த்துப் பழகிய மனிதராகத்தான் இருப்பார். போனதும், ‘என்ன ஆறு, எத்தனை அடி?’ என்று கேட்பார். சொல்ல வைத்துக்கொள்ளுங்கள்: ஆறு சட்டஹூச்சி, கூடவே செஸ்டட்டி. அணையின் பெயர் பியூஃபர்ட். 1950-ல் வேலை தொடங்கி 1956-ல் தண்ணீர் தேக்க ஆரம்பித்தார்கள். ஏரியின் பரப்பு சுமார் 38,000 ஏக்கர். இங்கே மட்டத்தைக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுவதால் நிறைந்த அளவு 1,071 அடி. 2007 வறட்சியில் அதற்கு 20 அடி கீழே போய்விட்டது. அட்லாண்டா குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். கீழே இருக்கிற ஃப்ளோரிடா, தங்கள் விரிகுடாவில் சிப்பி வளர்க்கத் தண்ணீர் வரவில்லை என்று ஜார்ஜியா மேல் வழக்குப் போட்டு, 2021-ல் உச்ச நீதிமன்றம் ஜார்ஜியா பக்கம் தீர்ப்புச் சொன்னது. காவிரி வழக்கைப் பல வருடம் படித்தவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், மத்தியானம் முழுக்கப் பேச்சு ஓடும்.

மினிவேன் கையில் இருந்தால் சனிக்கிழமை காலை அணையைப் போய்ப் பார்க்கலாம். அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் மட்டும் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறக்கும்போது சைரன் ஊதுவார்கள். சில நிமிடத்தில் ஆறு பல அடி ஏறிவிடும். ஏரியின் ஆழத்திலிருந்து வருவதால் கோடையிலும் அது குளிர்ந்து கிடக்கும்.

கேள்வி: போன மாதம் 30 ஆம்ப் மின் இணைப்பு உள்ள சைட்டில் ஆர்.வி.யில் தங்கினோம். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடுகிறது. வண்டியில் கோளாறா? இட்லி மாவு கொண்டுபோகலாமா?
— வாசகி, கம்மிங், ஜார்ஜியா

பதில்: கோளாறு இல்லை, கணக்குதான். 30 ஆம்ப், 120 வோல்ட் என்றால் மொத்தம் 3,600 வாட். கூரை ஏசி ஓடும்போது 12, 13 ஆம்ப் இழுக்கும். 1,800 வாட் இண்டக்‌ஷன் முழு வேகத்தில் 15 ஆம்ப். இதுவே 28 ஆகிவிட்டது. வெந்நீர் ஹீட்டர் மின்சாரத்தில் ஓடினால் அதற்கு இன்னொரு 12. பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்?

ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் கேஸுக்கு மாற்றிவிடுங்கள். பல வண்டிகளில் அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும். இண்டக்‌ஷனை உள்ளே போடவே வேண்டாம். சைட்டில் நிற்கிற மின்கம்பப் பெட்டியைத் திறந்து பார்த்தால் 30, 50 ஆம்ப் பிளக்குகளோடு சாதாரண 20 ஆம்ப் பிளக் ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். அதற்குத் தனி பிரேக்கர். வெளியிடங்களுக்கான தடித்த 12 கேஜ் எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று வாங்கி, மர மேசை மேல் அடுப்பை வைத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. 50 ஆம்ப் சைட்டும் அதற்கேற்ற வண்டியும் கிடைத்தால் 12,000 வாட் வரை தாங்கும், இந்தக் கவலையே இல்லை.

வெளியே சமைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆர்.வி.க்குள் மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் ஒரு நிமிடத்தில் புகை அலாரம் கத்தும், மெத்தை திரைச்சீலை எல்லாம் இரண்டு நாளைக்கு அந்த நெடி. அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தச் சின்ன இடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கேஸ் அலாரமும்தான் உள்ளே இருப்பவர்கள் உயிருக்குக் காவல். கரி அடுப்பை மழைக்காகக்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது.

மாவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். இட்லி மாவு கொண்டுபோகலாம், பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். கேஸிலும் ஓடுகிற பழைய வகை ஃபிரிட்ஜ் குளிர அரை நாளுக்கு மேல் ஆகும். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரியே போட்டுவைக்க வேண்டும். வண்டி சரிந்து நின்றால் அது சரியாகக் குளிராது, மாவு பொங்கி வழிந்துவிடும். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து வண்டியைச் சமமாக நிறுத்துவது தூக்கத்துக்கு மட்டுமல்ல, மாவுக்கும்தான்.

கேள்வி: அம்மாடி, நான் கோவில்பட்டியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வண்டிக்குள்ளேயே கக்கூஸ் என்கிறார்கள். சமைக்கிற இடத்துக்கு நாலடி தள்ளி அது இருந்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. தண்ணீர் விட்டுக் கழுவலாமா? யார் சுத்தம் செய்வார்கள்? வராமல் இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— 68 வயது வாசகி

பதில்: அம்மா, வராமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பல பெரியவர்கள் இதைக் கேட்க வெட்கப்பட்டு, தண்ணீர் குடிக்காமல் இருந்து, இரண்டாம் நாள் உடம்பு முடியாமல் போய்விடுகிறார்கள்.

பகலில் நீங்கள் வண்டிக் கழிப்பறையைப் பயன்படுத்தவே வேண்டியதில்லை. முகாமில் தனிக் கட்டடம் இருக்கும், கழிப்பறையும் வெந்நீர்க் குளியலறையும் அதில் உண்டு. தண்ணீர் மொள்ள ஒரு மக், ரப்பர் செருப்பு இரண்டையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் மட்டும் வண்டிக்குள் இருப்பதைப் பயன்படுத்தினால் போதும். காலால் ஒரு பெடலை மிதித்தால் கீழே ஒரு மூடி திறந்து தண்ணீர் போகும், காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். மூடியின் மேல் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிற மாதிரி விடுங்கள், அது நின்றால் வாடை மேலே வராது. கழுவத் தண்ணீர் தாராளமாக விடலாம். காகிதம் மட்டும் போட்டுத் தண்ணீர் குறைவாக விடுகிற தொட்டிகள்தான் அடைத்துக்கொள்ளும்.

தொட்டிகள் இரண்டும் வேறு வேறு. கழிவறைக்கு ஒன்று, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் குளித்த தண்ணீருக்கும் இன்னொன்று. குடிக்கிற தண்ணீர் மூன்றாவதாக, தனித் தொட்டியில் தனிக் குழாயில் வருகிறது. எதுவும் எதோடும் கலக்காது. அடுப்படியில் வடித்த கஞ்சியையும் எண்ணெயையும் மட்டும் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம். உள்ளே போய்ப் படிந்துவிடும்.

சுத்தம் செய்வது உங்கள் மகன். கிளம்புகிற நாளில் முகாம் வாசலில் இருக்கும் டம்ப் ஸ்டேஷனில் (கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடம்) கையுறை போட்டுக்கொண்டு குழாயை மாட்டி, முதலில் கழிவறைத் தொட்டி, அப்புறம் மற்றது என்று திறந்துவிடுவார். இரண்டாவதாக வருகிற தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். வேலை முடிய கால் மணி, இருபது நிமிடம். அவருக்கு ஒரு வார்த்தை: தொட்டி நன்றாக நிறைந்த பிறகு திறந்தால்தான் எல்லாம் வேகமாக அடித்துக்கொண்டு வெளியேறும். குறைவாக இருந்தால் முதலில் சில வாளி தண்ணீர் விட்டுவிட்டுத் திறங்கள்.

கேள்வி: லேனியர் ஏரியில் பேய் இருக்கிறது, அடியில் ஓர் ஊரே அப்படியே இருக்கிறது என்று பள்ளியில் சொல்கிறார்கள். அப்பா அதனால் நீந்தக் கூடாது என்கிறார். உண்மையா?
— பன்னிரண்டு வயது வாசகன், ஜான்ஸ் க்ரீக்

பதில்: தம்பி, பேய் இல்லை. ஆனால் உன் அப்பா பயப்படுவதில் காரணம் இருக்கிறது.

அந்த ஏரியில் வருடா வருடம் ஆட்கள் மூழ்கி இறக்கிறார்கள். நான் சொன்னேனே, அடியில் இருப்பது மலைச்சரிவு. இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருப்பாய், அடுத்த அடியில் தரை இருக்காது. சில இடங்களில் பழைய மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. தண்ணீர் கலங்கல், கீழே போனவரைப் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துகிறவர்கள்தான் இங்கே அசட்டையாக இறங்குகிறார்கள். கடலோரக் காவல்படை அங்கீகாரம் பெற்ற லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள், கையில் மாட்டுகிற காற்றுப் பை போதாது. ஜார்ஜியாவில் 13 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் ஓடுகிற படகில் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும், அது சட்டம். மின்சார இணைப்பு உள்ள படகுத்துறைப் பக்கம் நீந்தவே கூடாது. பழுதான வயரிலிருந்து தண்ணீரில் மின்சாரம் கசிந்தால் உடம்பு மரத்து மூழ்கிவிடும்.

ஊர் பற்றிய கதையில் பாதி உண்மை. தெருவும் வீடுமாக ஊர் அப்படியே நிற்கவில்லை. தண்ணீர் தேக்குமுன் பெரும்பாலான கட்டடங்களை இடித்தோ நகர்த்தியோ விட்டார்கள். ஆனால் ஃபோர்சைத் கவுண்டியைச் (நம் மாவட்டம் மாதிரி) சேர்ந்த ஆஸ்கர்வில் என்ற பகுதியின் நிலங்கள் அடியில் இருக்கின்றன. 1912-ல் ஃபோர்சைத் கவுண்டியில் வாழ்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல்கள் மிரட்டியும் வீடுகளை எரித்தும் துரத்தினார்கள். பலர் நிலத்தை விட்டுவிட்டு ஓடினார்கள். ஏரி வந்தது அதற்கு 40 வருடத்துக்கும் மேல் கழித்து. இன்று அதே ஃபோர்சைத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பேய்க்கதையாகச் சொல்லி அந்த மக்களைப் பயமுறுத்தும் உருவமாக்குவது எனக்கு வலிக்கிறது. அவர்கள் விவசாயிகள், சர்ச் கட்டி, பிள்ளைகளை வளர்த்தவர்கள். உன் வகுப்பில் யாராவது மறுபடி பேய்க்கதை சொன்னால் இதைச் சொல்லு.

கேள்வி: நாங்களும் லேனியர் ஏரிக்கு வருகிறோம். மாமனாருக்கு கிரீன் கார்டு இருக்கிறது. முகாம் கட்டணத்தில் முதியோர் சலுகை உண்டா? அடுப்பெரிக்க வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய விறகைக் கொண்டுபோகலாமா? மாமனார் தூண்டில் போட ஆசைப்படுகிறார்.
— வாசகி, சார்லட், நார்த் கரோலினா

பதில்: சலுகை உண்டு. 62 வயது ஆகி, அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருந்தால் சீனியர் பாஸ் வாங்கலாம். ஒரு வருடத்துக்கு 20 டாலர், ஆயுளுக்கு 80 டாலர். பொறியாளர் படையின் முகாம்களில் சைட் கட்டணம் பாதியாகும். பாஸ்காரர் கூடவே தங்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இது கிடையாது.

தூண்டில் போட 16 வயது ஆன எல்லோருக்கும் ஜார்ஜியா லைசென்ஸ் வேண்டும். வெளி மாநிலத்தவர் ஒரு நாளைக்கு மட்டும்கூட எடுக்கலாம், ஆன்லைனிலேயே கிடைக்கும்.

விறகு வேண்டாம். சார்லட்டிலிருந்து கொண்டுவரும் கட்டையின் பட்டைக்குள் மரத்தைக் கொல்லும் வண்டுகளின் புழு இருக்கலாம். ஆஷ் என்ற வகை மரங்களை அழிக்கும் பச்சை வண்டு இப்படித்தான் மாநிலம் மாநிலமாகப் பரவியது. முகாமிலோ வழியில் ஏரிக்குப் பக்கத்துக் கடையிலோ ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மிஞ்சினால் அங்கேயே அடுத்து வருகிறவருக்கு விட்டுவிட்டு வாருங்கள்.